ப்ளக்-இன் ஹைபிரிட் எஸ்யூவி: வட்டியைச் சேர்த்துக் கணக்குப் போட்டீர்களா?

காரைக்குடியிலிருந்து பதிமூன்று கிலோமீட்டரில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் ஆறு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஊரும் பேரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். கடிதத்தின் சுருக்கம் இதுதான்.

வயது 57. காரைக்குடியில் ஹார்டுவேர் கடை. தினமும் கடைக்குப் போக வர 26 கிலோமீட்டர், மாதம் இரண்டு தடவை சரக்கு விஷயமாக மதுரை, வருஷத்துக்கு நாலு தடவை இளைய மகளைப் பார்க்கச் சென்னை. இதற்கு மேல் கோயில், கல்யாணம், சஷ்டியப்தபூர்த்தி என்று ஓட்டம். இப்போது இருப்பது ஒன்பது வருஷத்து டீசல் எஸ்யூவி. க்ளட்ச், டர்போ இரண்டையும் பார்க்க வேண்டும், 1.2 லட்சம் ஆகும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். "பத்து வருஷமானால் டீசல் வண்டியை ஓட்ட விடமாட்டார்களாமே" என்ற பயம் வேறு. மெல்போர்னில் இருக்கும் மூத்த மாப்பிள்ளை மிட்சுபிஷி அவுட்லேண்டர் ப்ளக்-இன் ஹைபிரிட் வைத்திருக்கிறார். "மாமா, ஊருக்குள்ள கரண்ட், வெளியூருக்குப் பெட்ரோல், இதைவிட என்ன வேணும்" என்று வாராவாரம் போனில் சொல்கிறார். வீட்டு ஆச்சிக்கு, அதாவது மனைவிக்கு, முழு மின்சார வண்டி மேல் ஆசை. எஃப்டியில் 25 லட்சம் இருக்கிறது. ப்ளக்-இன் வண்டி இங்கே வந்தால் ஆன்ரோடு 34 லட்சம் ஆகலாம் என்று இவரே ஒரு கணக்கு வைத்திருக்கிறார். குறைவதைக் கடனாக வாங்கலாம், மின்சார வண்டி என்பதால் வரிச்சலுகை கிடைக்கும், கடை பெயரில் வாங்கினால் ஜிஎஸ்டியும் திரும்பும், பெட்ரோல் மிச்சத்திலேயே கடன் அடைந்துவிடும் என்கிறார். "நான் நினைப்பது சரியா சார்?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

பாதி சரி. உங்கள் ஓட்டத்துக்கு ப்ளக்-இன் ஹைபிரிட் பொருத்தமான வண்டிதான், அதில் மாப்பிள்ளை தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் கடிதத்தில் கூட்டல் கழித்தலெல்லாம் போட்ட நீங்கள் ஒரு வரியை விட்டுவிட்டீர்கள். வட்டி. நம்ம ஊர்க்காரர், அதுவும் கடை வைத்திருப்பவர், வட்டியை மறந்து ஒரு கணக்கு எழுதியதை இத்தனை வருஷத் தொழிலில் இப்போதுதான் பார்க்கிறேன். (கோபிக்க வேண்டாம், கார் விஷயத்தில் என் வீட்டிலும் இதே கதைதான்.)

அதற்கு முன் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இன்னோவா ஹைகிராஸ், கிராண்ட் விட்டாரா மாதிரி வண்டிகளில் வருவது ஸ்ட்ராங் ஹைபிரிட். பேட்டரி சின்னது, ஒன்றிரண்டு யூனிட்கூடப் பிடிக்காது, பிளக்கில் சொருகவும் முடியாது. பிரேக் பிடிக்கும்போதும் இன்ஜின் ஓடும்போதும் அதுவே ஏற்றிக்கொள்ளும். ப்ளக்-இன் என்பது 10 முதல் 20 யூனிட் பிடிக்கும் பேட்டரி, சொருக ஒரு பிளக், கூடவே முழு பெட்ரோல் இன்ஜினும் டேங்கும். கரண்டிலேயே ஐம்பது அறுபது கிலோமீட்டர் போகும், தீர்ந்தால் பெட்ரோல். மாப்பிள்ளை வண்டியில் இருப்பது 20 யூனிட் பேட்டரி. அந்த வண்டி இந்தியாவில் விற்கவில்லை. இங்கே ப்ளக்-இன் என்று வந்ததெல்லாம் வால்வோ எக்ஸ்சி90, பிஎம்டபிள்யூ எக்ஸ்எம், ரேஞ்ச் ரோவர் மாதிரி கோடியைத் தொட்டும் தாண்டியும் போகிற வண்டிகள்தான். ஆகவே நீங்கள் சொல்லும் 34 லட்சம் என்பது ஒரு ஊகம். இருக்கட்டும், கணக்குக்கு அதையே வைத்துக்கொள்வோம்.

ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்துவிடலாமா என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். ஸ்டீயரிங் வலப்பக்கம் என்பது மட்டும்தான் அதில் சாதகம். சுங்கமும் ஜிஎஸ்டியும் சேர்ந்து வண்டி விலையையே தாண்டும் இன்னொரு தொகையைக் கேட்கும், அதற்கப்புறம் ஒரு சென்சார் போனால் காரைக்குடியில் யார் மாற்றுவார்?

இன்னொன்று, மாப்பிள்ளை வாங்கியபோது நிலவரம் வேறாக இருந்திருக்கலாம். அங்கே கம்பெனி மூலமாகச் சம்பளத்தில் பிடித்து ப்ளக்-இன் வண்டி எடுத்தவர்களுக்கு நல்ல வரிச்சலுகை இருந்தது, அதையும் 2025 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். அவர் கணக்கை நம் கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது.

ஓட்டக் கணக்கு

நீங்கள் கொடுத்த விவரத்தை வைத்து வருஷத்துக்குக் கடை ஓட்டம் 7,800 கிலோமீட்டர், மதுரை சுமார் 4,300, சென்னை 3,400, கோயில் விசேஷம் 1,500. மொத்தம் 17,000 என்று வைப்போம்.

ப்ளக்-இன் வண்டியில் கடை ஓட்டம் முழுவதும் கரண்ட். ராத்திரி சொருகிவிட்டால் போதும், 26 கிலோமீட்டருக்கு ஐந்தாறு யூனிட்தான் பிடிக்கும். மதுரைக்குப் போய் வர 180, அதில் முதல் அறுபது மட்டும் கரண்ட். சென்னைக்கும் அப்படியே, புதுக்கோட்டை வாக்கில் இன்ஜின் முழித்துக்கொள்ளும். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, தேவகோட்டை எல்லாம் கரண்டிலேயே முடியும். மொத்தத்தில் 10,500 கிலோமீட்டர் கரண்ட், 6,500 பெட்ரோல் என்று வருகிறது.

கரண்டுக்கு யூனிட்டுக்கு 5 கிலோமீட்டர் என்று போட்டால் 2,100 யூனிட், யூனிட் 9.50 வீதம் சுமார் 20,000 ரூபாய். பெட்ரோல் லிட்டருக்கு 15 கிலோமீட்டர், விலை 102 என்றால் 44,000. ஆக 64,000. அதே 17,000 கிலோமீட்டரை ஒரு ஸ்ட்ராங் ஹைபிரிட், கம்பெனி சொல்கிற 23, 28 எல்லாம் வேண்டாம், சாலையில் 19 கொடுக்கிறது என்று வைத்தால் 91,000. முழு மின்சார வண்டி, வீட்டில் பெரும்பகுதியும் நெடுஞ்சாலைச் சார்ஜரில் யூனிட் 22 ரூபாய்க்கு மிச்சமும் ஏற்றினால் 36,000. உங்கள் பழைய டீசல் லிட்டருக்கு 13 கொடுத்தால் 1.21 லட்சம்.

கரண்ட் யூனிட் 9.50-ஆ என்று கேட்பீர்கள், ஏனென்றால் கடிதத்தில் 2 ரூபாய் சில்லறை என்று போட்டிருக்கிறீர்கள். அது நம் ஈபி பில்லைப் பார்த்து எல்லோரும் செய்யும் தப்பு. வண்டிக்கான யூனிட் உங்கள் பில்லின் அடியில் போய் உட்காராது, உச்சியில்தான் ஏறும். இரண்டு மாதத்துக்கு 520 யூனிட் ஏற்கெனவே ஓடுகிறது என்கிறீர்கள். இன்னும் 350 சேர்ந்தால் அந்த 350-ம் மேல் அடுக்குகளில்தான் விழும், அங்கே யூனிட் எட்டரைக்கு மேல், கடைசிப் பகுதி பத்தைத் தாண்டும். முதல் நூறு இலவசம் என்பதை வண்டிக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அதை உங்கள் ஃபிரிட்ஜும் மோட்டாரும் முன்பே சாப்பிட்டுவிட்டன.

இப்போது வட்டிக்கு வருவோம். ஸ்ட்ராங் ஹைபிரிட் ஆன்ரோடு 22 லட்சம், ப்ளக்-இன் 34 லட்சம், இரண்டும் உங்கள் எண்கள். வித்தியாசம் 12 லட்சம். எரிபொருளில் மிச்சம் வருஷத்துக்கு 27,000. அந்த 12 லட்சத்தை எஃப்டியில் ஆறரை சதவீதத்தில் விட்டிருந்தால் வருஷத்துக்கு 78,000 வந்திருக்கும். அதாவது மிச்சம் முதலை அடைப்பது இருக்கட்டும், வட்டியில் பாதிக்குக்கூடக் காணவில்லை! இதில் 9 லட்சம் கடன் வேறு வாங்கினால் அதன் வட்டி எஃப்டியைவிடக் கூடுதல். "பெட்ரோல் மிச்சத்தில் கடன் அடைந்துவிடும்" என்ற உங்கள் வரியை அடித்துவிடுங்கள்.

ஆகவே ஒரு அளவுகோல் சொல்கிறேன். உங்கள் ஓட்டத்துக்கு, ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கும் ப்ளக்-இன்னுக்கும் வித்தியாசம் நாலு லட்சத்துக்குள் இருந்தால் யோசிக்கலாம். நாலு லட்சத்தின் வட்டி 26,000, மிச்சம் 27,000, கிட்டத்தட்டச் சமம். அதற்கு மேலே போகும் ஒவ்வொரு லட்சமும் நீங்கள் ஆசைக்குக் கொடுப்பது. ஆசைக்குக் கொடுப்பது தப்பில்லை, பேரேட்டில் அதை மிச்சம் என்ற தலைப்பில் எழுதுவதுதான் தப்பு.

வரியில் இது மின்சார வண்டி இல்லை

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெட்ரோல் டேங்க் இருக்கிற எந்த வண்டியும் சட்டத்தின் பார்வையில் முழு மின்சார வண்டி ஆகாது. 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு மின்சாரக் கார்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், நீங்கள் பார்க்கும் அளவு ஹைபிரிட் எஸ்யூவிகளுக்கு 40. நம் மாநிலத்தில் வாழ்நாள் வரி 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18. சாலை வரிச்சலுகை பேட்டரியில் மட்டுமே ஓடும் வண்டிக்குத்தான், பச்சை நம்பர் பிளேட்டும் அதற்குத்தான். 34 லட்சம் என்ற விலையில் கணிசமான பங்கு ஏன் வரியாகப் போகிறது என்பது இப்போது புரியும்.

நீங்கள் கேள்விப்பட்ட வருமான வரிச் சலுகை பழைய 80இஇபி பிரிவு. 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை அனுமதியான கடனின் வட்டிக்கு 1.5 லட்சம் வரை கழிவு கொடுத்தார்கள். அந்தக் காலம் முடிந்துவிட்டது. முடியாமல் இருந்தாலும் மின் மோட்டாரில் மட்டுமே ஓடும் வண்டி என்றுதான் அதில் எழுதியிருந்தது.

கடை பெயரில் வாங்கினால்? ஹார்டுவேர் கடைக்காரர் தன் உபயோகத்துக்கு வாங்கும் காருக்கு ஜிஎஸ்டி வரவு கிடையாது, 17(5) பிரிவு அதை நேராகவே தடுக்கிறது. தேய்மானம் எழுதலாம். முழு மின்சார வண்டிக்கு 40 சதவீதம் என்று தனி விகிதம் உண்டு, ப்ளக்-இன் வண்டிக்கு மற்ற கார்களைப் போல 15 என்றுதான் நான் எடுப்பேன். அதிலும் கோயில் குளம் போன பங்கைச் சொந்தச் செலவாகக் கழிக்க வேண்டும்.

கடைக் கணக்கில் பெட்ரோல் போடுவதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஐரோப்பாவில் ஓடும் ப்ளக்-இன் கார்களை, மாசில்லாப் போக்குவரத்து பற்றி ஆராயும் ஐசிசிடி அமைப்பும் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனமும் ஆராய்ந்து 2022-ல் அறிக்கை வெளியிட்டன. சொந்தக் கார்கள் கம்பெனி சொன்ன அளவைப்போல் சுமார் மூன்று மடங்கு பெட்ரோல் குடித்திருந்தன, அலுவலகம் கொடுத்த கார்கள் ஐந்து மடங்கு. அலுவலகமே பெட்ரோல் காசு கொடுக்கும்போது ராத்திரி பத்து மணிக்கு வயரை இழுத்துச் சொருக யாருக்கு மனசு வரும்? சொருகாத ப்ளக்-இன் என்பது பேட்டரியைச் சுமந்துகொண்டு ஓடும் கனத்த பெட்ரோல் வண்டி, அவ்வளவுதான். விளம்பரத்தில் லிட்டருக்கு ஐம்பது அறுபது என்று வரும் மைலேஜ் எல்லாம் முழுச் சார்ஜில் கிளம்புவதாக வைத்துச் சோதனைக் கூடத்தில் போட்ட எண்.

யார் மீட்டர்?

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது விலை இல்லை, வீடு. மூன்று பங்காளிகளின் வீடு, மீட்டர் இன்னும் ஐயா பெயரில், ஐயா போய் இருபது வருஷம் ஆகிறது. முகப்பு விளக்கும் வளவு (உள்முற்றம்) விளக்கும் அந்த ஒரே இணைப்பில். கார் நிற்பது பின்கட்டுக் கொட்டகையில், மீட்டரோ முகப்பில், நடுவில் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவரை நீளும் வீடு. ஒயரிங் மரப்பட்டையில் ஓடுகிறது என்று பெருமையாக வேறு எழுதியிருக்கிறீர்கள். பார்க்க அழகுதான், ஆனால் வண்டிச் சார்ஜர் மூன்று கிலோவாட்டை மணிக்கணக்கில் நிற்காமல் இழுக்கும். அயர்ன் பாக்ஸ் போட்டு எடுப்பது மாதிரி இல்லை. இருக்கிற பிளக்கில் சொருகிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், பர்மா தேக்கு உத்தரத்துக்கு அடியில் நின்றுகொண்டு சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது: முதலில் வாரிசுச் சான்று, மற்ற இரு பங்காளிகளின் சம்மதக் கடிதம் வைத்து இணைப்பைப் பெயர் மாற்றுங்கள், அல்லது உங்கள் பங்குக்குத் தனி இணைப்புக் கேளுங்கள். அனுமதிக்கப்பட்ட லோடைக் கூட்டுங்கள். மீட்டர் போர்டிலிருந்து கொட்டகைக்குத் தனி லைன், அதற்கென்று தனி எம்சிபி, ஈஎல்சிபி (லோடு கூடினாலோ கரண்ட் கசிந்தாலோ தானே துண்டிக்கும் சுவிட்சுகள்), புதிதாக ஒரு எர்த். நீளத்தைப் பார்த்தால் வயர் கனமாகப் போட வேண்டும், செலவைச் சிக்கனம் பார்க்கிற இடம் இது இல்லை. சம்மதக் கடிதம் விஷயத்தில் சென்னையில் இருக்கும் பங்காளிக்கு முன்கூட்டியே போன் போட்டுவிடுங்கள். "என் பங்குக் கரண்டில் அவன் கார் ஓட்டுகிறான்" என்று பங்காளிகள் கூடிக் கும்பிடும் அடுத்த படைப்பில் பேச்சு வந்தால் அதன் விலை எந்தக் காரைவிடவும் அதிகம்.

மாடியில் சோலார் போட்டால் பில் குறையுமே என்கிறீர்கள். குறையும். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000, நாளுக்குச் சுமார் 12 யூனிட் வரும், உங்கள் கடை ஓட்டத்தைப் போல் இரண்டு பங்கு. ஆனால் நாட்டு ஓட்டுக் கூரையில் ஏற்ற முடியாது, தளம் போட்ட பகுதி யார் பங்கு என்ற கேள்வி மறுபடி வரும், மானிய விண்ணப்பமும் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான். எல்லாம் ஐயாவிடம்தான் போய் நிற்கிறது.

பேட்டரி பற்றி இரண்டு வார்த்தை. எட்டு வருஷம் வரை உத்தரவாதம் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது, அதனால் மூன்றாம் வருஷமே செத்துப்போகும் என்ற பயம் வேண்டாம். வெயில்தான் அதற்கு எதிரி. சித்திரை வைகாசியில் கடை வாசலில் காலை முதல் மாலை வரை காயப்போடாமல் நிழல் பார்த்து நிறுத்த வேண்டும். பேட்டரி உள்ளிட்ட மின்வேதியியலுக்கென்றே இருக்கும் நாட்டின் பெரிய ஆராய்ச்சிக்கூடமான சிக்ரி, அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், உங்கள் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இது புது விஷயமாக இருக்க வேண்டியதில்லை! பராமரிப்பில் ஒன்று: ப்ளக்-இன் வண்டியில் இன்ஜின் ஆயில், ஃபில்டர், கூலன்ட் எதுவும் போய்விடாது. பெட்ரோல் வண்டிக்கு உள்ள அத்தனையும் இருக்கும், மேலே மோட்டாரும் பேட்டரியும்.

அப்போ எதை வாங்குவது?

என்னைக் கேட்டால் இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். பத்து வருஷ டீசல் தடை தில்லி வட்டாரத்துப் பேச்சு. இங்கே சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம், அப்புறம் சோதனை முடித்து ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். 1.2 லட்சம் ரிப்பேர் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் பழைய வண்டியை 5 லட்சத்துக்குக் கொடுத்து 22 லட்சத்தில் புதிது எடுத்தால் கையிலிருந்து போவது 17 லட்சம், அதன் ஒரு வருஷ வட்டி 1.1 லட்சம். ரிப்பேர் செலவு ஏறக்குறைய ஒரு வருஷ வட்டி. அதில் இரண்டு மூன்று வருஷம் ஓடும். இன்னொரு மெக்கானிக்கிடமும் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

அந்த இடைவெளியில் மீட்டரைச் சரிசெய்யுங்கள். எந்த வகை வண்டி வாங்கினாலும் அது உதவும்.

இல்லை, மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஆச்சி சொல்வதை நான் ஆதரிப்பேன். அவருக்கு 23 லட்சம் என்று நீங்கள் எழுதிய முழு மின்சார வண்டி, உங்கள் ப்ளக்-இன்னைவிட 11 லட்சம் குறைவு, ஓட்டச் செலவும் கிட்டத்தட்டப் பாதி. மதுரை போய் வர வழியில் சார்ஜ் தேவைப்படாது. சென்னைதான் கேள்வி. 420 கிலோமீட்டரில் ஒரு முறையாவது நிறுத்தி முக்கால் மணி நேரம் ஏற்ற வேண்டும், அதை எப்படியும் நீங்கள் காபிக்கும் சாப்பாட்டுக்கும் செலவழிக்கிறீர்கள். நீங்கள் இருவர் மட்டும் போகும்போது பல்லவனில் காலையில் ஏறினால் மதியம் எழும்பூர். "ஆத்தாவுக்கு முழங்கால் வலி, ரயில் ஏற முடியாது" என்று எழுதியிருக்கிறீர்கள், சரி, அவர்கள் வரும் பயணத்துக்கு மட்டும் டிரைவரோடு ஒரு வாடகை வண்டி. வருஷத்துக்கு இரண்டு முறை என்றாலும் அந்த 11 லட்சத்தின் வட்டியில் இது எல்லாம் அடங்கி மீதியும் இருக்கும்.

வழியில் நின்று ஏற்றவே முடியாது, மாதம் நாலு தடவை சென்னை, கோயம்புத்தூர் என்று ஓட வேண்டும் என்ற நிலை உங்களுக்கு வந்தால் அப்போது ஸ்ட்ராங் ஹைபிரிட் பாருங்கள். நெடுந்தூரத்தில் ப்ளக்-இன் வண்டிக்கு அதைவிடப் பெரிய அனுகூலம் கிடையாது, முதல் அறுபது கிலோமீட்டருக்கு அப்புறம் இரண்டும் பெட்ரோல்தான்.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை போன் பண்ணும்போது ஒன்று கேளுங்கள். அவர் வண்டித் திரையில் மொத்தம் ஓடிய தூரத்தில் கரண்டில் ஓடியது எத்தனை என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் என்றால் அவர் ஒழுங்காகச் சொருகுகிறவர், அவர் பேச்சை இன்னும் கொஞ்சம் கேட்கலாம். பாதிக்குக் கீழே என்றால் சிரித்துவிட்டுப் பேரனிடம் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள்.